இடப்பக்கம் விழுந்த ஈயக் குண்டுகள்

அன்று அந்த அறையில் ஆறு பேர் இருந்தோம். கடல் பார்த்த ஜன்னலுக்கு முதுகு காட்டி, நீள மேசையின் தலைப்பக்கம் நோட்டரி விகெந்தி தமாலோஸ். அவருக்கு வலப்புறம் அவருடைய அக்கா ரெஜினா. கணவர் இறந்ததிலிருந்து தம்பி வீட்டுச் சாவிக்கொத்து அவர் இடுப்பில்தான். இடப்புறம் அவருடைய சித்தப்பா மகன் மிமிகோ, வழக்கம்போல் நாற்காலியைப் பின்னங்கால்களில் சாய்த்து ஆட்டியபடி. வாசலை ஒட்டி, தொப்பியை முழங்காலில் மாட்டிக்கொண்டு, எந்த நிமிஷமும் எழுந்து போகிறவர் மாதிரி மருந்துக்கடை ஸ்தாத்தி லிவாரிஸ். துணிப்பெட்டியின் மேல், தேவாலயத்துக்குப் படம் எழுதும் ப்ரொகோப்பி. மூலையில் எழுதுமேசையில் நோட்டரியின் எழுத்தராகிய நான், நிகாந்த்ரோ.

வியாழக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்த நேரம். ஆங்கிலேயரின் கொடி எங்கள் தீவிலிருந்து இறங்கி இப்போது பல காலம் ஆகிவிட்டது. அந்த ஆறு பேரில் மிச்சம் நான் ஒருவன்தான். இனி இதைச் சொல்வதால் யாருக்கும் கெடுதல் இல்லை.

ஆங்கிலேயரின் காவலில் இருந்த ஏழு தீவுகளுக்கும் சேர்த்து, தலைமைத் தீவான கோர்ஃபுவில் ஒரு சட்டசபை. அதற்குப் போகவேண்டிய எங்கள் தீவின் உறுப்பினர்களை முந்தின ஞாயிற்றுக்கிழமை தேர்ந்தெடுத்திருந்தோம். நோட்டரியும் தேர்வாகியிருந்தார், மருந்துக்கடைக்காரரும் தேர்வாகியிருந்தார். எல்லோரும் ஒரே படகில்தான் போகவேண்டும் என்பதால், படகு விஷயம் பேச ஸ்தாத்தி அந்த வீட்டுப் படியேறியிருந்தார். கலக வருஷத்துக்குப் பிறகு அவர் அந்தத் தெரு வழியாகக்கூடப் போனதில்லை.

கலக வருஷத்தில், தங்களை எதிர்த்துக் கிளம்பிய மலைக்கிராமத்து ஆட்களை ஆங்கிலேயர் பிடித்துவந்து, ராணுவக் கோர்ட்டு வைத்து, சந்தைத் திடலில் கட்டிக் கசையால் அடித்தார்கள். தீர்ப்பெல்லாம் ஆங்கிலத்தில். அதை எங்கள் பேச்சில் ஜனங்களுக்கு வாசித்துச் சொல்ல ஆள் வேண்டும் என்று நோட்டரியைக் கூப்பிட்டார்கள். அவர் போனார். திடலின் நடுவில் நின்று, இன்னார் மகன் இன்னார், இத்தனை அடி என்று ஒவ்வொருவருக்கும் வாசித்தார். கை ஓங்கியது அவரில்லை. காட்டிக்கொடுத்ததும் அவரில்லை. ஆனால் ஊரின் காதில் தங்கியது அவருடைய குரல்தான். அதன் பிறகு சீதனப் பத்திரம் எழுதக்கூட ஆட்கள் மலை தாண்டி வேறு நோட்டரியிடம் போனார்கள். தேவாலயத்தில் அவர் நிற்கிற இடத்தைச் சுற்றி எப்போதும் ஓராள் இடம் காலியாகக் கிடக்கும்.

அப்படிப்பட்டவர் தேர்தலில் நிற்கப்போகிறேன் என்று கடைசி நாளன்று பெயர் கொடுத்தபோது மிமிகோ தலையில் அடித்துக்கொண்டான்.

"எதுக்குண்ணே இந்த வேலை? ஊர் கூடி உங்க மூஞ்சில கரி பூசணுமா?"

"ஊர் என்னை மன்னிச்சுதான்னு ஒரு தடவை கேட்டுப் பாத்துடறேன்டா. தெருவுல யார்கிட்டயும் கேக்க முடியல. பெட்டிகிட்ட கேக்கலாம் இல்ல?"

பெட்டி என்றால், போட்டியிடுகிறவர் ஒவ்வொருவருக்கும் தேவாலயத்துக்குள் ஒரு பெட்டி வைப்பார்கள். உள்ளே இரண்டு அறை. முன்பக்கம் பாதி வெள்ளை, பாதி கறுப்பு, நடுவில் ஒரு குழாய். ஓட்டுப் போடுகிறவன் ஈயக் குண்டு ஒன்றை வாங்கி, முழங்கைவரை கையைக் குழாய்க்குள் விட்டு, இந்த ஆள் வேண்டுமென்றால் தன் வலப்பக்கத்து வெள்ளை அறையில் போடுவான், வேண்டாமென்றால் இடப்பக்கத்துக் கறுப்பு அறையில். பிறகு அடுத்த பெட்டி, அடுத்த குண்டு. உள்ளே கம்பளி விரித்திருப்பதால் விழுகிற சத்தம் கேட்காது. வலது என்றால் சரி, இடது என்றால் வேண்டாம் என்று எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் கை பழகியிருந்தது.

பெட்டிகள் வர்ணம் பூசிக் கோர்ஃபுவிலிருந்து வரும். நோட்டரி கடைசி நாளில் பெயர் கொடுத்ததால் ஒன்று குறைந்துபோனது. உள்ளூர்த் தச்சன் ஒன்றைச் செய்தான். ப்ரொகோப்பி வர்ணம் பூசினார். வரிசையின் கடைசியில், தூணின் நிழலில் அதை வைத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திறந்து எண்ணினபோது நோட்டரியின் வெள்ளை அறை நிறைந்து கிடந்தது. தீவிலேயே அதிக ஓட்டு அவருக்குத்தான். கறுப்பு அறையில் இருந்ததை எண்ணுகிற குமாஸ்தா ஒரே கையில் அள்ளி எடுத்தார்.

அந்தச் செய்தியை நான்தான் ஓடிப்போய்ச் சொன்னேன். நோட்டரி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ரெஜினா அக்கா கதவில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "அழட்டும், விடு" என்றார்.

திங்கட்கிழமை காலை அவர் கைத்தடியை எடுத்துக்கொண்டு சந்தைத் திடலுக்குக் கிளம்பினார். நானும் கூடப் போனேன். ரொட்டிக்கடைக்காரன் அவரைப் பார்த்துத் திகைத்து நின்றுவிட்டு, "வணக்கம், மெம்பர் ஐயா" என்றான். செருப்புத் தைக்கிறவன் எழுந்து நின்றான். யார் முகத்திலும் சந்தோஷம் என்று சொல்ல முடியாது. ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் வணக்கம் வணக்கம்தான். புதன்கிழமைக்குள் இரண்டு குடும்பங்கள் பத்திரம் எழுத வந்துவிட்டன. தேவாலயத்தில் அவருக்குப் பக்கத்தில் ஒருவர் வந்து நின்றார். என்னை எழுதச் சொல்கிறபோது நோட்டரியின் குரலே மாறியிருந்தது.

வியாழக்கிழமை ப்ரொகோப்பி வாழ்த்துச் சொல்லவும், அப்படியே வேலை ஏதாவது கேட்டுப்போகவும் வந்திருந்தார்.

"மெம்பராயிட்டீங்க. கோர்ஃபுலேந்து பெரிய மனுஷங்க வருவாங்க. சுவத்துல நல்லதா ஒரு படம் வேணாமா? நம்ம கை ராசியான கைங்க. உங்க பெட்டிக்கு வர்ணம் பூசினதே நான்தான்."

"பெட்டிக்கு என்னய்யா ராசி?" என்றார் ரெஜினா அக்கா. "பாதி வெள்ளை, பாதி கறுப்பு. சுண்ணாம்படிக்கறவனே பூசிட்டுப் போயிடுவான்."

ப்ரொகோப்பிக்குச் சுருக்கென்றது. "அப்படிச் சொல்லாதீங்கம்மா. அந்தத் தச்சனும் இப்படித்தான், எது எந்தப் பக்கம்னு சொல்ல வாயெடுத்தான். போடா, ஆயுசெல்லாம் கடைசித் தீர்ப்புப் படம் எழுதறவனுக்கு நீ சொல்லித்தர்றியான்னு துரத்திட்டேன். ரட்சிக்கப்பட்டவங்க ஆண்டவரோட வலக்கைப் பக்கம். வெள்ளை. நரகத்துக்குப் போறவங்க இடக்கைப் பக்கம். கறுப்பு. இதுல எனக்குத் தப்பு வருமா?"

சொன்னதோடு நிற்கவில்லை. எழுந்து, படத்தில் ஆண்டவர் நிற்கிற மாதிரி எங்களைப் பார்த்து நின்று, இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்.

"இங்க வெள்ளை. இங்க கறுப்பு."

எங்களைப் பார்த்து நின்றவரின் வலக்கை எங்களுக்கு இடப்பக்கம் இருந்தது. அவர் பூசிய பெட்டிக்கு முன்னால் நின்றவனுக்கும் இடப்பக்கம்தான் வெள்ளை இருந்திருக்கும்.

மிமிகோவின் நாற்காலி தடாலென்று முன்னங்கால்களில் இறங்கியது. தேர்தலன்று அண்ணனின் ஆளாகப் பெட்டிக்குப் பக்கத்தில் நாள் முழுக்க நின்றவன் அவன்தான்.

"அண்ணே," என்றான். "அதான் முழங்கையெல்லாம் அப்படிச் சாஞ்சுது."

"வாயை மூடுடா," என்றார் ரெஜினா அக்கா.

"பேசட்டும்," என்றார் நோட்டரி.

"கை குழாய்க்குள்ள இருந்தாலும் முழங்கை வெளிய தெரியும்ல. வந்தவன் போனவன் எல்லாம் இடப்பக்கம்தான் சாச்சான். மத்தியானமே தோத்துட்டோம்னு முடிவு பண்ணிட்டேன். எண்ணிச் சொன்னப்போ என்னால நம்பவே முடியல. ஏதோ அற்புதம்னு மெழுகுவத்தி ஏத்திட்டு வந்தேன்."

வாசலோரத்தில் ஸ்தாத்தி சிரிக்க ஆரம்பித்தார். முதலில் அடக்கமாக, பிறகு தோள் குலுங்க. சிரிப்பு நின்றபோது அவர் முகம் வெளுத்திருந்தது.

"நான் வர்ணத்தைப் பாக்கவே இல்ல," என்றார். "மத்தப் பெட்டியெல்லாம் நேரா நின்னு போட்டேன். உங்க பெட்டிகிட்ட வந்ததும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு, கையை மட்டும் உள்ள விட்டு, இடப்பக்கம் போட்டேன். எனக்கு முன்னாடி போனவனும் அப்படித்தான், பின்னாடி வந்தவனும் அப்படித்தான். உங்க பேர் போட்ட பெட்டியை எவன் ஏறெடுத்துப் பாப்பான்?"

"ஜனங்க பாக்காம போட்டா நான் என்ன பண்றது?" என்றார் ப்ரொகோப்பி. "வெள்ளை வெள்ளையாத்தான் இருந்துது. கறுப்பு கறுப்பாத்தான் இருந்துது."

நோட்டரி மேசையின் மேல் இரண்டு உள்ளங்கைகளையும் பரத்தி வைத்திருந்தார்.

"உங்க தம்பியுமா, ஸ்தாத்தி?"

ஸ்தாத்தியின் தம்பிக்கு எத்தனை அடி என்பதைத் திடலில் வாசித்ததும் நோட்டரிதான்.

"அவனால இப்பவும் கையை மேல தூக்க முடியாது," என்றார் ஸ்தாத்தி. "நான்தான் முழங்கையைத் தாங்கிப் பிடிச்சேன். இடப்பக்கம்தான் போட்டான்."

ரெஜினா அக்கா எழுந்துபோய், வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இந்த அறையை விட்டு இது வெளிய போகக்கூடாது. ப்ரொகோப்பி, உன் பிள்ளைங்க மேல சத்தியம் பண்ணு."

ப்ரொகோப்பி சிலுவை போட்டு, மூன்று பிள்ளைகளின் பெயரையும் சொல்லிச் சத்தியம் செய்தார். ஒரு தப்பும் இல்லாத விஷயத்துக்கு எதற்குச் சத்தியம் என்று முணுமுணுக்கவும் செய்தார்.

நோட்டரி ஸ்தாத்தியைப் பார்த்தார். "நீங்க கோர்ட்டுக்குப் போகலாம். பெட்டி பழுதுன்னு எழுதிக் குடுங்க, நானே கையெழுத்துப் போடறேன்."

"உங்களுக்கு என்ன, புத்தி கெட்டுப்போச்சா?" ஸ்தாத்தி நாற்காலியோடு முன்னால் நகர்ந்தார். "இந்தத் தேர்தல்ல எங்க இணைப்புக் கட்சி ஆளுங்க எத்தனை பேர் ஜெயிச்சிருக்கோம்னு தெரியும்ல? ஆங்கிலேயனை விட்டு அக்கரைத் தாயகத்தோட சேரணும்னு சபையில எழுந்து நின்னு சொல்லப் போறவங்க. அதைக் கெடுக்க ஒரு சாக்கு கிடைக்காதான்னு ஆங்கிலேயத் துரை காத்துக்கிட்டிருக்கான். ஒரு பெட்டி பழுதுன்னா எல்லாப் பெட்டியும் பழுதுன்னுடுவான். மறுதேர்தல்னு சொல்லிச் சிப்பாய்களைக் கொண்டாந்து தேவாலய வாசல்ல நிறுத்துவான். யார் ஜெயிப்பா அப்போ?"

"அப்ப என்னை என்ன பண்ணச் சொல்றீங்க?"

"உக்காருங்க." அந்த வார்த்தையைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பது தெரிந்தது. "கோர்ஃபுவுக்கு வாங்க. உங்க நாற்காலியில உக்காருங்க. வாயைத் திறக்காம இருங்க. நான் உங்களை மன்னிக்கல. சாகறவரைக்கும் மன்னிக்க மாட்டேன். ஆனா உக்காருங்க."

"அண்ணே, அவரே சொல்றாருண்ணே," என்றான் மிமிகோ. "நம்ம எதிரியே சொல்றாரு. இன்னும் ஒண்ணு யோசிங்க. ஊர்ல ஒவ்வொருத்தனும் என்ன நெனச்சிக்கிட்டிருக்கான்? நான் மட்டும்தான் வேணாம்னு போட்டேன், பக்கத்து வீட்டுக்காரனெல்லாம் மன்னிச்சிட்டான்னு நெனச்சிக்கிட்டிருக்கான். அதனாலதான் வணக்கம் வைக்கறான். வச்சுட்டுப் போகட்டுமே. ரெண்டு வருஷம் வணக்கம் வச்சா, அதுவே நிஜமாயிடாதா? பொய்யா ஆரம்பிச்சா என்ன?"

அவன் விளையாட்டுக்காரன். ஆனால் அன்று அவன் சொன்னதைத் தள்ளிவிட என்னால் முடியவில்லை. பத்திரம் எழுத வந்த அந்த இரண்டு குடும்பங்களை நான் பார்த்திருந்தேன். அதில் ஒரு கிழவர் கிளம்புகிறபோது நோட்டரியின் கையைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் விடாமலே நின்றார்.

ரெஜினா அக்காவும் அதைத்தான் நினைத்திருக்க வேண்டும். "தம்பி, நானும் கேக்கறேன். இந்த நாலு நாளா நான் கிணத்தடிக்குப் போனா பொம்பளைங்க நகந்து இடம் விடறாங்க. எத்தனை வருஷமாச்சு தெரியுமா?"

வெளியே தென்கிழக்குக் காற்று ஜன்னல் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. நோட்டரி என் பக்கம் திரும்பினார்.

"நிகாந்த்ரோ, கறுப்பு அறையில எவ்வளவு இருந்துதுன்னு சொன்னே?"

"ஒரு கைப்பிடி ஐயா. குமாஸ்தா ஒரே கையில அள்ளினார்."

"அப்ப அதுதான் எனக்கு விழுந்த ஓட்டு."

அதுவரை எங்களில் யாரும் அதை யோசிக்கவில்லை. எல்லோரும் வெள்ளை அறையையே நினைத்துக்கொண்டிருந்தோம்.

"ஒரு கைப்பிடி ஆளுங்க," என்றார் அவர், மெதுவாக. "அவங்க கை வலப்பக்கம் போயிருக்கு. போகட்டும், விட்டுடலாம்னு நெனச்சவங்க. அவங்க யாருன்னு எனக்குத் தெரியாது. அவங்க போட்டதை வேணாம்னு எண்ணி ஓரமா வச்சுட்டாங்க. என்னை வெறுத்தவங்க போட்டதையெல்லாம் சேத்து எனக்கு மாலையாப் போட்டுட்டாங்க. அந்த மாலையைப் போட்டுக்கிட்டு நான் சபையில உக்காரணுமா?"

"அதுல ஒண்ணு ரெண்டு, வர்ணத்தைப் பாத்துக் கறுப்புல போட்டதாவும் இருக்கும்," என்றார் ஸ்தாத்தி. இரக்கம் காட்ட அவருக்கு மனம் வரவில்லை.

"இருக்கலாம். எவ்வளவுன்னு தெரிஞ்சாகணும்." நோட்டரி நிமிர்ந்தார். "நிகாந்த்ரோ, காகிதம் எடு. சபைத் தலைவருக்கு."

எடுத்தேன். தேதி போட்டேன். மாண்புமிகு தலைவர் அவர்களுக்கு என்று எழுதிவிட்டுக் காத்திருந்தேன்.

"'எங்கள் தீவின் சார்பில் நான் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் பதவியை இந்தக் கடிதத்தின் மூலம் விட்டுவிடுகிறேன்.' அவ்வளவுதான்."

"காரணம், ஐயா?"

"எழுத வேணாம்."

"உடம்பு சரியில்லைன்னாவது போடலாம் ஐயா. காரணம் இல்லாம யாரும் எழுதறதில்ல."

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. நிஜத்தை எழுதினா ஸ்தாத்தியோட ஆளுங்க எல்லாரோட இடமும் போயிடும். பொய்யை எழுத எனக்கு இஷ்டமில்ல. காலியா விடு."

"காலியா விட்டா ஊர் நிரப்பிக்கும்," என்றார் ரெஜினா அக்கா. "துரைகிட்ட வித்துட்டான்னு சொல்லுவாங்க. மன்னிச்சு ஓட்டுப் போட்டோம், மூஞ்சியில எறிஞ்சுட்டான்னு சொல்லுவாங்க. இதுவரைக்கும் வெறுத்ததுக்கு ஒரு காரணம் இருந்துது. இனிமே ரெண்டு இருக்கும்."

"சொல்லட்டும், அக்கா."

"நானும் சேந்துதானே கேக்கணும்."

நோட்டரி அக்காவின் கையின் மேல் தன் கையை வைத்தார். அக்கா கையை இழுத்துக்கொள்ளவில்லை. கண்ணை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஸ்தாத்தி எழுந்து நின்றார். "இந்த இடத்துக்கு மறுபடி தேர்தல் வரும். ஒரு இடத்துக்கு மட்டும்."

"தெரியும். நிப்பேன்."

"எதுக்கு?" அவர் குரல் உயர்ந்தது. "மண்ணைக் கவ்வுவீங்க. இந்தத் தடவை ஊர் முழுக்க உங்க பெட்டியை நல்லாப் பாத்துத்தான் போடும்."

"பாக்கட்டும். மூஞ்சியைத் திருப்பாம பாக்கட்டும். கோர்ஃபுலேந்து வந்த பெட்டியாவே வைங்க. எனக்கு வேண்டியது அந்தக் கைப்பிடி, ஸ்தாத்தி. அது எவ்வளவோ அவ்வளவு."

ஸ்தாத்தி தொப்பியைப் போட்டுக்கொண்டு, தாழ்ப்பாளை எடுத்துவிட்டு, கதவைத் திறந்து வைத்தபடியே போய்விட்டார். ப்ரொகோப்பியும் அவர் பின்னாலேயே நழுவினார்.

நான் கடிதத்தை நல்ல காகிதத்தில் திருத்தமாக எழுதினேன். இரண்டே வரி. அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ பத்திரங்களையும் மனுக்களையும் எழுதியிருக்கிறேன். இவ்வளவு வெள்ளையாக மிஞ்சிய காகிதத்தை நான் யாருக்கும் அனுப்பியதில்லை. நோட்டரி ஒருமுறை வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். நான் மூன்றாக மடித்தேன். மிமிகோ மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டான். அவன் பிடித்த விதத்தில் அரக்கு இரண்டு தடவை தவறான இடத்தில் சொட்டியது. மூன்றாவது தடவை சரியாக விழுந்தது. நோட்டரி தன் முத்திரையை அதில் அழுத்தி, ஆறுகிறவரை எடுக்காமல் வைத்திருந்தார்.

"நான் கொண்டுபோய்க் குடுத்துடறேன் ஐயா," என்றேன்.

"வேணாம். நானே போறேன்."

கோட்டைப் போட்டுக்கொண்டார். நான் ஓரடி பின்னால் நடந்தேன். துறைமுகத்துக்குச் சந்தைத் திடல் வழியாகத்தான் போகவேண்டும். மதியத் தூக்கம் முடிந்து கடைகள் திறக்கிற நேரம். ரொட்டிக்கடைக்காரன் மாவுக் கையோடு வாசலுக்கு வந்து, "வணக்கம், மெம்பர் ஐயா" என்றான். நோட்டரி நின்று, தொப்பியைக் கழற்றி, அவன் பெயரைச் சொல்லி வணக்கம் வைத்தார். செருப்புத் தைக்கிறவனுக்கும் அப்படியே. காபிக்கடை வாசலில் உட்கார்ந்திருந்த நாலு பேருக்கும் தனித்தனியாக. அவசரமே படவில்லை.

கோர்ஃபு தபால் படகு பாய் விரிக்கத் தயாராக நின்றது. தபால்காரர் கடிதத்தை வாங்கி, முகவரியைப் படித்து, "சபைத் தலைவருக்கா? நீங்களேதான் அடுத்த வாரம் அங்க போறீங்களே, ஐயா" என்றார்.

"இது முன்னாடி போகட்டும்," என்றார் நோட்டரி.

தபால்காரர் அதைப் பைக்குள் போட்டு, பையின் வாயைக் கட்டி, படகுக்காரனிடம் எறிந்தார்.